குதிரை வளையம்

காலை எட்டரைக்குக் கோட்டை மதிலோரம்
மஞ்சள் குடை விரிந்தால் அது நான்தான்.
பாகான் டாலாமிலிருந்து பெர்ரி ஏறி வந்த
குணசுந்தரி.
கழுத்து அட்டையில் முழுப்பெயர் இருக்கும்.
இரண்டாவது சந்து திரும்புவதற்குள்
குணா ஆகிவிடுவேன்.

இன்று பதினான்கு தலை.
எல்லாரும் ஒரே ஊர், இத்தாலியில் லூக்காவாம்.
ஊரைச் சுற்றி மதில், மதில்மேல் மரங்கள்,
சாயங்காலம் அதன்மேல் சைக்கிள் ஓட்டுவோம் என்றார் ஒருவர்,
எங்கள் கோட்டைச் சுவரை
மரியாதையாகப் பார்த்தபடி.

இரண்டே முக்கால் மணி நேரம், பதினோரு இடம்.
நிழல் விழுகிற பக்கம்தான் என் வரலாறு நிற்கும்;
வெயிலில் மாட்டிக்கொண்ட கட்டடத்துக்கு
இரண்டு வாக்கியம் போதும்.
தேவாலயத் தூண்களுக்கு ஐந்து நிமிடம்.
குவான் யின் கோயில் புகைக்கு ஏழு, இருமலோடு சேர்த்து.
ராணி தெரு மாரியம்மன் கோபுரத்துப் பொம்மைகளை
எண்ணத் தொடங்குபவர்களைப்
பிடித்து இழுத்துப் போக மூன்று.
கப்பித்தான் பள்ளிவாசலில்
அரைக்கால் சட்டைகளுக்கு அங்கி கொடுத்து
திரும்ப வாங்கவே பன்னிரண்டு.

தொனாத்தா கடைசியாக வந்துகொண்டிருந்தாள்.
குட்டை நரைமுடி.
நான் முதலில் பார்த்தது செருப்பை:
தேய்ந்து, அடி மாற்றி, மறுபடி தைத்தது.
ஒவ்வொரு தெருவையும் கடந்து நான் திரும்பினால்
அவள் உதடு அசையும்.
பன்னிரண்டு, பதின்மூன்று.
என் ஆட்களை எனக்கு முன்னால்
எண்ணி முடித்திருப்பாள்.
நான் சிரிக்க வைக்கும் இடத்துக்கு
அரை நொடி முன்பே சிரித்தாள்.
எனக்குச் சுருக்கென்றது.

ஏழாவது நிறுத்தம், அஞ்சடி நடையில் ஒரு தூண்.
தூணில் துருப்பிடித்த வளையம்.
எதற்கென்று யாருக்கும் தெரியாது.
வீட்டுக்காரர் லிம் அதில் மழைக்கோட்டு மாட்டுவார்.
ஒரு நவம்பர் மழையில் இருபது நிமிடம்
ஒரு கூட்டத்தோடு இங்கே ஒண்டியபோது
சொல்ல ஒன்றுமில்லாமல் சொன்னேன்:
கடன் வாங்கியவன் குதிரையை
வட்டிக்கடைக்காரர் இதில் கட்டிவைத்தார்.
மூன்று வருடம்.
கடன் தீர்ந்து அவிழ்த்துவிட்டபோது
குதிரை போக மாட்டேன் என்றது.

ஆறு வருடமாகச் சொல்கிறேன்.
போன மாதம் வேறொரு வழிகாட்டி
அந்தக் குதிரைக்குப் பெயர் வைத்துச் சொல்லக் கேட்டேன்.
கோபம் வந்தது.
யாரிடம் போய்ச் சொல்ல?

இன்றும் சொன்னேன். படம் எடுத்தார்கள்.
ஒரு பையன் காற்றில் கையை உயர்த்தி
முதுகு இருக்கும் உயரத்தில் தடவினான்.
தொனாத்தா வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள்,
கடைக்காரி துணியைத் தொடுவதுபோல.

படகுத்துறையில் பலகை வீடுகளோடு
பயணம் முடிந்தது.
மற்றவர்கள் ஐஸ் கச்சாங் தேடிப் போக
என் எதிரே வந்து நின்று கேட்டாள்:
குதிரை என்ன நிறம்?

யாருமே கேட்டதில்லை.
வாய் திறந்தது, நிறம் வரவில்லை.

முன்னாலேயே யோசித்து வைத்துக்கொள் என்றாள்.
எங்கள் ஊரில் எனக்கு ஒரு ஜன்னல்.
பத்தொன்பது வருடம்.
சாத்தியே இருக்கும்,
ஏன் என்று நானே கட்டிய கதை.
இப்போது அஞ்சலட்டையில் விற்கிறார்கள்.
போன வருடம் அதைத் திறந்துவிட்டார்கள்,
யாரோ வாடகைக்கு வந்து.
உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை,
ஒரு துணி காயப்போடும் கம்பி.

அப்புறம்?

அப்புறம் என்ன,
அடுத்த சந்தில் வேறு ஜன்னல் பார்த்துக்கொண்டேன்.

ஐம்பது ரிங்கிட் நோட்டை மடித்து
கைக்குள் வைத்தாள்,
எப்படி வைத்தால் மற்றவர் கண்ணில் படாதோ
அப்படி.

மாலைப் பெர்ரியில் மேல்தளத்தில் உட்கார்ந்து
பழுப்பு என்று முடிவுசெய்தேன்.
நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு.
அக்கரை வருவதற்குள்
இடது பின்னங்கால் லேசாக நொண்டத் தொடங்கியிருந்தது.